நோல்ட் பண்ணையின் கறுப்புக் கார்

என் மனைவி லொரெட்டாவுக்கு ஓட்டை வாய். நான் புறம் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் கேட்காமலேயே அவளே சொல்லிவிடுவாள். அவள் தங்கைக்குத் தெரியாமல் பிறந்தநாள் விருந்து வைக்க நாங்கள் எல்லோரும் கூடித் திட்டம் போட்டோம். அன்று மாலையே தங்கையைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "சனிக்கிழமை நல்ல சட்டையா போட்டுக்கடி, ஏன்னு மட்டும் கேக்காதே" என்றாள் இந்தப் புண்ணியவதி. எங்கள் லங்காஸ்டர் பக்கத்தில் பல வருடங்களாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். கடைசி இருக்கையில் அடித்துக்கொள்ளும் பையன்களை அதட்ட அவளுக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை.

ஆனால் பழைய வேகக் கார் என்று வந்துவிட்டால் இந்த வட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் கார் கம்பெனிகள் குடும்பத்துக் கார்களுக்குள் ராட்சச இன்ஜினை வைத்து விற்றன அல்லவா, அந்த ரகம். அதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரே உடம்பில் ஏழைத் தம்பியும் வருவான், பணக்கார அண்ணனும் வருவான். வெளியே ஒட்டிய எழுத்தும் கோடும்தான் வித்தியாசம் காட்டும். எழுத்தைக் கடையில் வாங்கி யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். ஒட்டினால் விலை பத்து மடங்கு.

லொரெட்டாவுக்கு அது பதினேழு வயதிலேயே புரிந்துவிட்டது. உருளைக்கிழங்கு சிப்ஸ் தொழிற்சாலையில் கோடை முழுக்கக் கை வெந்து சம்பாதித்த காசில் ஒரு செவர்லே வாங்கினாள். செவெல் மாடல், முன் மட்கார்டில் பளபளவென்று இரண்டு 'எஸ்', பணக்கார அண்ணனின் அடையாளம். விற்றவன், "அசல் எஸ்.எஸ். தங்கச்சி, உன் அதிர்ஷ்டம்" என்றானாம். சனிக்கிழமை திறந்தவெளித் திரையரங்கத்துக்கு ஓட்டிக்கொண்டு போனாள். ஒரு பையன் அந்த எழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "லொரெட்டா, உன் எஸ்.எஸ்.ஸுக்கு இன்னும் பசையே காயலையே!" என்று கூவினான். அரங்கமே ஹாரன் அடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் அவள் காதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு அவள் எந்தக் காரைப் பார்த்தாலும் அடியில் புகுந்துவிடுவாள். கல்யாண வீடு, சாவு வீடு, பேதமே கிடையாது. இன்று லங்காஸ்டரில் பழைய கார் வாங்க நினைப்பவன் வங்கிக்குப் போகும் முன் லொரெட்டாவைக் கூப்பிடுகிறான். கூலி, வீட்டில் சுட்ட ஒரு 'பை' பலகாரம், ஆப்பிளோ பூசணியோ அவரவர் வசதி. ஊரார் வாங்கிய அசல் கார்கள் எத்தனையோ. எங்கள் வீட்டில் மட்டும் ஒன்று வந்ததில்லை. நாங்கள் கொஞ்சம் சேர்த்தால் விலை ரொம்ப ஏறிவிடும். கடைசியில் சேர்த்த பத்தொன்பதாயிரம் டாலரும் கூரைக்கென்று ஒதுங்கிவிட்டது. எங்கள் படுக்கையறையில் மழைக்கு ஒரு வாளி நிரந்தரமாக வசிக்கிறது.

அந்த அக்டோபர் சனிக்கிழமை நாங்கள் நோல்ட் பண்ணை ஏலத்துக்குப் போனது ஒரு ஃப்ரீஸர் பெட்டி வாங்க. இர்வின் நோல்ட்டும் அவர் மனைவி லிடியாவும் பண்ணையை விட்டு மகள் வீட்டோடு போகிறார்கள். கலப்பை, கோழிக்கூண்டு, மெத்தை விரிப்பு எல்லாம் ஏலத்தில். அவர்கள் கறுப்பு பம்பர்க்காரர்கள், கட்டுப்பாடான ஒரு கிறிஸ்தவச் சபை. குதிரை வண்டியோடு நிற்கும் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் மாதிரி இல்லை, கார் வைத்துக்கொள்வார்கள். ஆனால் கறுப்புக் கார்தான். பம்பரில் பளபளக்கும் குரோமையும் கறுப்படித்துவிட வேண்டும். மினுக்கினால் ஆணவம் வந்துவிடுமாம்.

புகையிலைக் கொட்டகையின் கோடியில், வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் கார் நின்றது. ஏலக்காரர் ஹார்லன் ஒட்டிய சீட்டில் 'கறுப்பு செவெல், இரண்டு கதவு, ஓடாது' என்று இருந்தது. பெயின்ட்டைத் தூரிகையால் அடித்திருந்தார்கள். கதவுக்கு அடிக்கிற மாதிரி, தடித் தடியாக. பானட், பம்பர், விளக்கு வளையம், எல்லாமே ஒரே கறுப்பு. ஒரு எழுத்து இல்லை, ஒரு கோடு இல்லை.

நான் ஃப்ரீஸரைத் தேடி நகர்ந்தேன். லொரெட்டா நகரவில்லை.

"யோவ் டேல்," என்றாள், "இந்த பானட்டப் பாரு. நடுவுல மேடு தெரியுதா?"

"வைக்கோல் மூட்டைய வச்சு நசுங்கியிருக்கும். வா."

"நசுங்கினா பள்ளம்யா வரும், மேடா வரும்? டார்ச்ச எடு!"

அவ்வளவுதான், ஒரு அட்டையைத் தரையில் போட்டு அடியில் போய்விட்டாள். புது ஸ்வெட்டர் வேறு. காலை மட்டும் பார்த்துக்கொண்டு டார்ச்சை நீட்டினேன்.

"பன்னெண்டு!" என்று அடியிலிருந்து குரல். "பன்னெண்டு இருக்கு டேல்!"

"எது பன்னெண்டு? மெதுவாப் பேசித் தொலை."

"பின் அச்சு மூடியில போல்ட்டு. சாதாரணத்துக்குப் பத்துதான் இருக்கும். இரு இரு, எவனாவது பின்னாடி மாத்தியிருக்கலாம். ஒண்ணப் பாத்து நான் ஏமாற மாட்டேன்."

அவள் ஒருபோதும் ஒரே ஒரு சாட்சியை மட்டும் வைத்து நம்பமாட்டாள். அடுத்து அச்சைப் பிடித்திருக்கும் இரும்புக் கை. சாதாரணக் காரில் அது ஒரு பக்கம் வாய் திறந்திருக்கும், இதில் நாலு பக்கமும் மூடியிருந்தது. வெளியே வந்து மட்கார்டுக்கு உட்புறம் கையை விட்டுத் தடவினாள். "எழுத்து மாட்டின ஓட்டை! வெளிய அடைச்சுட்டாங்க, உள்ள இருக்கு. விளிம்பப் பாரு, வழவழன்னு. வீட்டுல துளை போட்டிருந்தா பிசிறு குத்தும்." கதவைத் திறந்தாள். டேஷ்போர்டில் வேகம் காட்டும் நீளப் பட்டை இல்லை, வட்ட வட்டமாக முள் கருவிகள். கதவு விளிம்பில் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினாள். கறுப்புத் தோல் உரிந்து உள்ளே சிவப்பு தெரிந்தது. நல்ல ரத்தச் சிவப்பு.

எனக்கே ஆசை வந்துவிட்டது. பொய் சொல்வானேன்!

அது எழுபதாம் வருடத்துக் கார். அந்த வருடம் கம்பெனி காரில் பொறித்த எண்ணில் எஸ்.எஸ். என்று எங்குமே போடவில்லை. எண்ணைப் பார்த்தால் எட்டு சிலிண்டர், இரண்டு கதவு என்று மட்டும் தெரியும். மீதிக் கதையை இன்ஜினைத்தான் கேட்க வேண்டும். பானட் துருப்பிடித்து அசைய மறுத்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஆட்டி ஆட்டி ஒருவழியாகத் திறந்தோம். உள்ளே இருந்தது எருமை. பக்கத்தில் கை நுழைய இடமில்லை. லொரெட்டா என் புதுக் கைக்குட்டையைப் பிடுங்கி, இன்ஜினின் முன்முகப்பில் அப்பியிருந்த கிரீஸைத் துடைத்தாள். இரும்பில் குத்திய எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. பக்கத்தில் இருந்த எண்ணைக் காரின் எண்ணோடு ஒப்பிட்டாள். திரும்ப ஒரு முறை பார்த்தாள். பிறகு வைக்கோல் கட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"டேல்," என்று கிசுகிசுத்தாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் கிசுகிசுத்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "இது அது."

"எது?"

"அந்த வருஷத்துலயே பெரிய இன்ஜின். எண்ணும் ஒத்துப்போகுது. தொழிற்சாலையில பொறந்தப்ப இருந்த அதே இன்ஜின். பசை இல்ல டேல். இதுல எங்கயுமே பசை இல்ல."

எனக்கு மூளை மின்னல் மாதிரி வேலை செய்தது. அதுவும் அபூர்வம். "இந்த நிலையிலயே என்ன போகும்?"

"எண்பதாயிரம். தொண்ணூறாயிரம்."

"இங்க, இன்னைக்கு?"

"ஓடாத கறுப்பு வண்டியா? மூணு. மிஞ்சிப்போனா நாலு."

"லொரெட்டா, என் ராசாத்தி, என் கண்ணு, ஒரே ஒரு தடவை, உன் வாயை மூடு. ஒரு மணி நேரம். கூரையும் போடலாம், காரும் வீட்டுக்கு வரும்."

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. தலையை ஆட்டினாள். ஆட்டினாள், நான் என் கண்ணால் பார்த்தேன்.

கொட்டகை வாசலில் ரஸ் பெக்டல் சாய்ந்துகொண்டு சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். பழைய கார் வியாபாரி. சிரித்த முகம், அந்தச் சிரிப்புக்கு மயங்கி விற்றவர்கள் பிறகு சிரித்ததில்லை. எங்கள் ஏலங்களில் வேண்டிய சாமானை எவனும் பார்க்கமாட்டான். ரஸ் காருக்கு முதுகைக் காட்டி நின்ற அழகிலேயே அவனுக்கும் தெரியும் என்று புரிந்துவிட்டது.

"என்னப்பா டேல், வீட்டுக்காரி அடியில எல்லாம் போனா போலிருக்கு?"

"பூனை போச்சுன்னு பாத்தா. உளுத்துப்போன வண்டி அது."

"அதேதான் நானும் பெரியவர்கிட்ட சொன்னேன், பழைய இரும்புக்குத்தான் ஆகும்னு. நீ அதுல கைய உசத்தாத, நான் உன் ஃப்ரீஸர்ல கை வைக்கல. சரியா?"

சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இருமினேன்.

லொரெட்டாவைச் சபைப் பெண்களின் உணவு மேடைக்கு இழுத்துப் போய், கோழியும் சோளமும் போட்ட சூப் ஒரு கிண்ணம் வாங்கிக் கையில் திணித்தேன். வாயில் கரண்டி இருந்தால் பேச்சு வராது என்பது என் திட்டம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் இர்வின் நோல்ட் வந்து சேர்ந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"அம்மா, நீங்க காருக்கு அடியில எல்லாம் போய்ப் பாத்தீங்கன்னு சொன்னாங்க," என்றார். "அதுல கெட்டது ஏதாவது இருக்கா? அந்தத் தம்பி பழைய இரும்புன்னு சொல்றாரு. கெட்ட சாமானை யார் தலையிலயும் கட்டிட்டுப் போக எனக்கு மனசில்ல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஏலத்திலேருந்தே எடுத்துடறேன்."

நான் லொரெட்டாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கரண்டியை வாயிலிருந்து எடுத்துக் கிண்ணத்தில் வைத்தாள். போச்சு, என்று நினைத்தேன்.

"பழைய இரும்பா?" என்றாள். பள்ளிப் பேருந்துக் குரல். சூப் ஊற்றிக்கொண்டிருந்த பெண்ணின் கை நின்றுவிட்டது. "எந்தக் கழுதை சொன்னான் பழைய இரும்புன்னு? ஐயா, அது எஸ்.எஸ்.! அசல்! அச்சுல பன்னெண்டு போல்ட்டு, மட்கார்டுல ஓட்டை, உள்ள ரத்தச் சிவப்பு, இன்ஜின் எண்ணு பொருந்துது! எழுபதாம் வருஷத்துப் பெரிய இன்ஜின்! தொண்ணூறாயிரம் டாலரய்யா உங்க கொட்டகையில வைக்கோலுக்குப் பின்னாடி நிக்குது!"

பண்ணை முழுக்கத் திரும்பியது. கோழி ஏலம் கூட நின்றது. ரஸ் கையில் இருந்த சாண்ட்விச் கீழே விழுந்ததைப் பார்த்தேன். அன்று எனக்குக் கிடைத்த முதல் சந்தோஷம் அதுதான். மற்றபடி சூப் கிண்ணத்துக்குள் தலையை விட்டுக்கொள்ளலாமா என்று இருந்தது.

இர்வின் நோல்ட் தொப்பியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு மெல்ல, "எஸ்.எஸ்.னு தெரியும்மா," என்றார். "நான்தானே புதுசா வாங்கினேன். இருபத்திரண்டு வயசு, சபையில சேரல அப்ப. விலைதான் தெரியாது."

"அப்ப அந்த எழுத்தெல்லாம் எங்க?"

"பன்னித் தொழுவத்துச் சிமெண்டுக்குள்ள."

பின்னால் வந்து நின்ற லிடியா அம்மாள் இடுப்பில் கை வைத்தார். "நான் சொல்றேன் கேளு பொண்ணே. சபையில சேந்தாதான் கட்டிப்பேன்னு இவர்கிட்ட சொன்னேன். சரின்னாரு. சபையில கறுப்புக் கார்தான்னாங்க. சரின்னாரு. எந்த மனுஷனும் இந்தப் பேயை வித்துட்டு நல்ல கறுப்புக் காரா வாங்குவான். இவரு எங்கப்பாவோட கலப்பை பெயின்ட்டை எடுத்து ராத்திரியோட ராத்திரியா அடிச்சுட்டு, 'இந்தா, கறுப்பு'ன்னாரு. பத்து வருஷம் அதுலதான் கோயிலுக்குப் போனோம். மேடு ஏறும்போதெல்லாம் நான் ஜெபம் பண்ணுவேன்."

"சட்டத்த மீறல," என்றார் இர்வின், தரையைப் பார்த்துக்கொண்டு. காது சிவந்திருந்தது. "இவ்வளவு பணம்னா… சபையில என்ன நினைப்பாங்க லிடியா?"

"அதான் இவ கத்தினது அடுத்த ஊர் சபைக்கே கேட்டிருக்குமே. இனிமே மறைச்சு என்ன பண்ண!"

ஐம்பது வருடமாக அந்தக் காரைப் பற்றி இர்வினிடம் எவரும் பேசியதில்லை போலிருக்கிறது. லொரெட்டா இன்ஜினைப் பற்றி ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, இருவரும் கொட்டகைக்கு ஓடாத குறை. அவளை ஸ்டீயரிங் பக்கம் உட்காரச் சொல்லி, தான் பக்கத்தில் ஏறிக்கொண்டார். நான் ஜன்னலில் நின்றேன்.

"பெயின்ட் அடிக்கறதுக்கு முந்தின நாள் விடிகாலை," என்றார், லிடியா தூரத்தில்தான் இருக்கிறார் என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, "நீளமா ஒரு ரோடு, ஆளே இல்ல. கால ஊனினேன்."

"எவ்வளவு போச்சு?"

"மைல் முள்ளு நூத்தி இருபதோட முடிஞ்சிடுதும்மா. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

லொரெட்டா ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும்தான். "நீங்க இத வாங்கத்தானே பாத்தீங்க?" என்று அவர் கேட்டார்.

"பொறந்ததிலேருந்து," என்றாள்.

அவர் அவளை இறங்கச் சொல்லவில்லை. ஹார்லன் வந்து கூப்பிடும் வரை இருவரும் உள்ளேயே இருந்தார்கள்.

அதற்குள் சேதி தொலைபேசி வழியே பறந்து, பிக்கப் வண்டிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றன. ஹார்லன் மேடையில் ஏறி, புதுச் சீட்டைப் படித்தார். "லொரெட்டா கிராஃப் பரிசோதித்தபடி" என்று அவள் பெயரைச் சொல்லித்தான் படித்தார். கூட்டம் சரி என்று முனகியது. வேறு எவர் பெயரைச் சொல்லியிருந்தாலும் கேள்வி கேட்டிருப்பார்கள்.

"பத்தாயிரத்துல ஆரம்பிக்கலாமா?" என்றார் ஹார்லன்.

என் கை மேலே போனது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் அனுப்பவில்லை, அதுவாகப் போனது.

"என்ன பண்ற?" என்று லொரெட்டா என் இடுப்பில் குத்தினாள். "கைய இறக்குய்யா!"

மூலையில் யாரோ பன்னிரண்டு என்றான். நான் பதினான்கு என்றேன். இன்னொருவன் பதினாறு. "பத்தொம்பது!" என்று கத்தினேன். அதுதான் எங்களிடம் இருந்த மொத்தமும். கூரை, கூரைக்குக் கீழே அழுகிய பலகை, வாளிக்கு விடுதலை, எல்லாம் அதற்குள் அடக்கம்.

ரஸ் பெக்டல் பேசாமல் நின்றான். பெரிய மீன்கள் ஆழத்தில் காத்திருந்தன, எனக்கும் தெரியும். ஹார்லனுக்கும் தெரியும். வழக்கமாக மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளுகிற மனிதர் அன்று நிறுத்தினார். "பத்தொன்பதாயிரம், டேல் கிராஃப்," என்றார் நிதானமாக. தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். ஒரு வாய் குடித்தார். மூடியைத் திருகினார். "கார் இப்ப கிராஃப் குடும்பத்துகிட்ட நிக்குது," என்றார்.

லொரெட்டா என் கையைப் பிடித்திருந்தாள். எலும்பு வலித்தது. அவள் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணைச் சிமிட்டாமல்.

பிறகு ரஸ் விரலைத் தூக்கினான். முப்பது. ஒஹையோவிலிருந்து தொலைபேசியில் ஒருவன் நாற்பது. அப்புறம் நாங்கள் வேடிக்கை பார்ப்பவர்கள்தான். தொண்ணூற்றிரண்டாயிரத்துக்கு ரஸ்தான் எடுத்தான். மூவாயிரம் கொடுக்க வந்தவன் காசோலை எழுதும்போது அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. இர்வின் நோல்ட் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். லிடியா அம்மாள் எங்கள் பிக்கப்பில், வெல்லப்பாகு ஊற்றிச் சுட்ட மூன்று ஷூஃப்ளை பை வைத்தார். பரிசோதனைக் கூலியாம், வழக்கமாக ஒன்றுதான் என்று கேள்விப்பட்டாராம்.

ஃப்ரீஸரையும் எவனோ கொண்டுபோய்விட்டான். திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. லொரெட்டா வெகுநேரம் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் எனக்கு வண்டி ஓட்ட வராது.

"திட்டணும்னா திட்டு," என்றாள் கடைசியில். "நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா இப்ப அதைப் பின்னாடி கட்டி இழுத்துக்கிட்டுப் போவோம்."

"போவோம்."

"அந்த மனுஷன் கெட்ட சாமானை விக்க மாட்டேன்னு வந்து நிக்கறாரு. நான் எப்படிய்யா…"

"தெரியும்டி."

"நீ எதுக்குக் கைய உசத்தின? கிடைக்காதுன்னு தெரியுமில்ல? கூரைப் பணத்தை எல்லாம் வச்சு!"

வைப்பர் இரண்டு தடவை போய் வந்தது. உள்ளதைச் சொன்னேன். "அது யார்கிட்டயாவது நிக்கணும்னா, மொதல்ல உன்கிட்ட நிக்கட்டும்னு தோணுச்சு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வலது கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தாள். நகத்துக்குள் கறுப்பும், கறுப்புக்கு அடியில் ஒரு துளி சிவப்பும் இருந்தது.

"ஹார்லன் தண்ணி குடிச்சாரே," என்றாள், "அந்த நேரம் பூரா அது நம்ம காருதானே டேல்?"

"உன் காரு," என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது படுக்கையறையில் வாளி நிரம்பி வழிந்திருந்தது. நான் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினேன். அவள் ஷூஃப்ளை பையை வெட்டினாள், வலது கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, இடது கையால்.